காதுக்குத் தண்ணீர் அடிக்கும்போது தலைசுற்று, வாந்தி: எங்கே பிழை விட்டேன்?

மலையகத்_தாதி | ஞாயிறு, இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். நுவரெலியாப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஓபிடியில், அதாவது வெளிநோயாளர் பிரிவில், வேலை செய்கிறேன். தாதியாகி இரண்டு வருஷம். போன கிழமை நடந்த ஒன்று மனசை விட்டுப் போகவே இல்லை.

தை மாசக் காலை, எட்டரை மணி இருக்கும். புல் மேலே வெள்ளையாகப் பனி உறைந்து கிடந்த நாள். தேயிலை ஸ்டோரில், அதாவது ஃபாக்டரியில், வேலை செய்யும் ஒரு மாமா வந்தார். ஐம்பத்தைந்து வயசிருக்கும். வலது காது அடைத்துவிட்டது, பீலியில் குளித்த பிறகு சுத்தமாகக் கேட்கவில்லை என்றார். டொக்டர் காதுக்குள் பார்க்கும் ஓட்டோஸ்கோப்பில் பார்த்தார். காது நிறையக் கறுப்பாகக் குறும்பி. எண்ணெய் விட்டு நாலு நாள் கழித்து வரச்சொன்னார். மாமாவும் சொன்னபடி தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் வந்தார்.

ஃபிளாஸ்க் தண்ணியையும் குழாய்த் தண்ணியையும் கலந்தேன். மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன், இளஞ்சூடாகத்தான் இருந்தது. கிட்னி ட்ரேயை மாமா கையில் கொடுத்தேன். இருபது மில்லி சிரிஞ்சால் மூன்றாவது தடவை அடித்திருப்பேன், மாமா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "மிஸ்ஸி, ரூமு சுத்துது." கண் இரண்டும் ஒரு பக்கமாக இழுத்து இழுத்து ஆடியது. அப்படியே வாந்தி. படுக்க வைத்தோம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டார். செவிப்பறைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டொக்டர் பார்த்துச் சொன்னார். குறும்பி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

மாமா என்னைத் திட்டவே இல்லை. "பரவாயில்ல மகள்" என்றுவிட்டுப் போனார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. எங்கே பிழை விட்டேன்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய_வார்ட்_சிஸ்டர் | ஞாயிறு, இரவு 9.35

மகள், முதலில் ஒரு நிம்மதியான செய்தி. கண் ஆடியது, தலை சுற்றியது, வாந்தி வந்தது, படுத்ததும் அடங்கியது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தண்ணீரின் சூட்டால் வந்த சுற்றுத்தான். காதுக்கு உள்ளே, சமநிலையைப் பார்க்கும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அதில் ஒன்று வெளிக்காதுத் துவாரத்துக்குக் கிட்டவே ஓடுகிறது. உடம்புச் சூட்டை விடக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அந்தக் குழாய்க்குள் இருக்கும் நீர் ஒரு பக்கமாக ஓடும், சூடு கூடினால் மறுபக்கம் ஓடும். தலையை ஆட்டவே இல்லை, ஆனால் மூளைக்குத் தலை சுற்றுகிற செய்தி போய்விடுகிறது. கண் அதற்கு ஏற்றபடி ஆடுகிறது.

இதைக் கண்டுபிடித்த கதையில் ஒரு தாதியும் இருக்கிறார். வியன்னாவில் ரொபர்ட் பாரானி என்ற காது வைத்தியர் நோயாளிகளுக்குக் காது கழுவிக்கொண்டிருந்தார். ஒரு நோயாளி, தண்ணீர் போதிய சூடில்லாவிட்டால்தான் எனக்குத் தலை சுற்றுகிறது என்றாராம். தாதியைக் கூப்பிட்டுச் சூடாகக் கொண்டு வரச் சொன்னார். அடுத்த தடவை அந்தத் தாதி அளவுக்கு மீறிச் சூடாகக் கொண்டு வந்துவிட்டார். நோயாளிக்குத் திரும்பவும் சுற்றியது, இந்த முறை கண் எதிர்ப்பக்கம் ஆடியது. அங்கிருந்து பிடித்துக்கொண்டு போய்த்தான் 1914ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை வாங்கினார். இன்றைக்கும் தலைசுற்று நோயாளிகளுக்கு 30 பாகையிலும் 44 பாகையிலும் தண்ணீர் விட்டுச் சோதனை செய்கிறார்கள். அதாவது உடம்புச் சூடான 37க்கு ஏழு கீழே, ஏழு மேலே. ஏழு பாகை வித்தியாசம் ஒரு ஆளைச் சுற்ற வைக்கப் போதும்.

இப்போது உங்கள் பிழைக்கு வருகிறேன். மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பனி உறைந்த காலையில் உங்கள் கை எப்படி இருந்திருக்கும்? விறைத்த கைக்கு 30 பாகைத் தண்ணீர் நல்ல இளஞ்சூடு. கீழே கொழும்பில், மாத்தளையில் கை சொல்வது ஓரளவு சரியாக இருக்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். தை மாசத்தில் அங்கே கையை நம்பக் கூடாது.

இன்னொன்று. பாத்திரம் எவர்சில்வர்தானே? அந்தக் குளிரில் ஐந்து நிமிஷம் வைத்தால் அதில் 37 எங்கே நிற்கப் போகிறது? மூன்றாவது சிரிஞ்சில் சுற்றியது என்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் சுற்றவில்லை. தண்ணீர் இடையில் ஆறியிருக்கிறது.

மலையகத்_தாதி | ஞாயிறு, இரவு 9.50

சிஸ்டர், வாசித்ததும் கை நடுங்குகிறது. நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி இருக்கிறது. இரண்டாவது சிரிஞ்சுக்குப் பிறகு ஒரு போன் வந்தது, எழுந்து போய்விட்டு வந்துதான் மூன்றாவதை அடித்தேன். பாத்திரம் ஜன்னல் பக்கம் இருந்தது.

தெர்மோமீட்டர் எங்கள் அறையில் இல்லை. காய்ச்சல் பார்க்கிறது மட்டும்தான்.

பழைய_வார்ட்_சிஸ்டர் | ஞாயிறு, இரவு 10.05

காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் ஒன்றையே இதற்கென்று ஒதுக்கி வையுங்கள். மேலே ஒட்டுப் போட்டுக் 'காது' என்று எழுதுங்கள், நோயாளியின் வாய்க்குத் திரும்பவும் போகக் கூடாது. அதன் நுனியைத் தண்ணீரில் வைத்தால் 37 காட்டுகிறதா என்று பார்க்கலாம். தண்ணீர் அதிகம் ஆறியிருந்தால் எண் வராது, 'லோ' என்று காட்டும். அதுவே போதிய எச்சரிக்கை.

பாத்திரத்தை இன்னொரு பெரிய பாத்திரத்துச் சூட்டுத் தண்ணிக்குள் இறக்கி வையுங்கள். ஒவ்வொரு நாலு சிரிஞ்சுக்கும் ஒரு தடவை சூடு பாருங்கள். சிரிஞ்சில் முதல் அடியைக் காதில் அடிக்காமல் ட்ரேயில் அடியுங்கள், நுனிக் குழாய்க்குள் நிற்கும் குளிர்ந்த தண்ணியும் காற்றும் வெளியே போகட்டும். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். பீலியிலிருந்து நேரே வருவது வேண்டாம்.

ஈஎன்டி_கிளினிக் | திங்கள், காலை 6.20

காது மூக்கு தொண்டைப் பிரிவில் வைத்திய அதிகாரி நான். சிஸ்டர் சூட்டைப் பற்றி அழகாகச் சொல்லிவிட்டார். நான் தண்ணீர் எடுப்பதற்கு முந்திய ஐந்து நிமிஷத்தைப் பற்றிச் சொல்கிறேன். எங்களிடம் வரும் கெட்ட கேஸ்களில் பெரும்பாலும் அந்த ஐந்து நிமிஷம்தான் விடுபட்டிருக்கும்.

நோயாளி உட்கார்ந்ததும் கேளுங்கள். காதில் எப்போதாவது சீழ் வந்ததா, சின்ன வயசிலாவது? காதில் ஆபரேஷன் செய்ததா, குழாய் வைத்ததா? கடந்த ஆறு கிழமைக்குள் காது குத்தல், நடுக்காது அழற்சி இருந்ததா? பிளவு அண்ணம் இருக்கிறதா, தைத்ததாக இருந்தாலும்? முன்னே காது கழுவியபோது ஏதாவது கஷ்டம் வந்ததா? மறு காது கேட்கிறதா? கடைசிக் கேள்வியைத் தவிர மற்றதில் ஒன்றுக்கு 'ஓம்' என்றாலோ, மறு காது கேட்காது என்றாலோ, தண்ணீர் வேண்டாம். கேட்பது ஒரே காது என்றால் அந்தக் காதில் நாம் பரிசோதனை செய்து பார்க்க முடியாது. எங்களிடம் அனுப்புங்கள், உறிஞ்சி எடுப்போம்.

சீனி வருத்தம் இருக்கிறதா என்றும் கட்டாயம் கேளுங்கள். வயசான, சீனி வருத்தக்காரர்களுக்குக் காது ஈரத்தில் சூடோமோனாஸ் கிருமி பிடித்தால் அது எலும்பு வரை இறங்கும். இரவில் தூங்க விடாத வலி வரும், முக நரம்பு இழுக்கும். இவர்களுக்கு உறிஞ்சி எடுப்பதே நல்லது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் கவனம்.

பிறகு ஒரு சின்னச் சோதனை. கருவி ஒன்றும் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகச் சொல்லுங்கள். குறும்பியால் அடைத்த காதில்தான் அந்தச் சத்தம் பெரிசாகக் கேட்கும். நீங்களே ஒரு காதை விரலால் அடைத்து முனகிப் பாருங்கள், விளங்கும். சடுதியாகக் காது போனது என்று வந்த ஆளுக்கு, நல்ல காதில் சத்தம் கூடுதலாகக் கேட்டால் அது நரம்புச் செவிடாக இருக்கலாம். அங்கே குறும்பியைத் தோண்டிக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. அன்றைக்கே எங்களிடம் வர வேண்டிய கேஸ் அது, ஸ்டீரொயிட் தொடங்கப் பிந்தினால் கேட்டல் திரும்பாமல் போகலாம்.

இதற்கெல்லாம் பிறகு ஓட்டோஸ்கோப். இரண்டு காதையும் பாருங்கள், நல்ல காதை முதலில். நல்லது எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் கெட்டது விளங்கும்.

டிஸ்பென்சரி_தம்பி | திங்கள், பகல் 12.40

டொக்டர், எல்லாம் சரி. நான் மஸ்கெலியாப் பக்கம் தோட்ட டிஸ்பென்சரியில் இருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒரு கேள்வி. எங்களிடம் உள்ள ஓட்டோஸ்கோப்புக்கு பல்ப் போய் மாசக் கணக்கு. காது அடைத்த ஆளை டவுனுக்கு அனுப்பினால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாள் சம்பளம் இல்லை. பஸ் காசு வேறு. கொழுந்து கூடின மாசத்தில் அந்தக்கா போகவே மாட்டா. போகாமல் வீட்டில் ஹேர்பின்னால் குத்துவா. அதை விட நான் பக்குவமாக இரண்டு சிரிஞ்ச் அடிப்பது நல்லதில்லையா? எனக்கு முந்தி இருந்த ஐயா முப்பது வருஷம் பித்தளைச் சிரிஞ்சாலேயே அடித்திருக்கிறார்.

பழைய_வார்ட்_சிஸ்டர் | திங்கள், பகல் 1.15

தம்பி, அந்தப் பித்தளைச் சிரிஞ்சை நானும் பாவித்திருக்கிறேன். அதன் நுனி கழன்று பாய்ந்ததை என் கண்ணால் பார்த்தேன், நல்ல வேளை ட்ரேயில் விழுந்தது. அழுத்தம் எவ்வளவு என்று கைக்குத் தெரியாது. இப்போது யாரும் அதைத் தொடுவதில்லை.

பார்க்காமல் தண்ணீர் அடிக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குறும்பிக்குப் பின்னால் ஓட்டை இருந்தால் தண்ணீர் நேரே நடுக்காதுக்குப் போகும்.

ஈஎன்டி_கிளினிக் | திங்கள், மாலை 5.30

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. பேர் போவது சின்ன விஷயமில்லை. அதனால் டவுனுக்குப் போகும் தடவையை எப்படிக் குறைப்பது என்று யோசிப்போம்.

குறும்பி அழுக்கில்லை. துவாரத்தின் வெளி மூன்றில் ஒரு பங்கில்தான் அது சுரக்கிறது. உள்ளே தண்ணீர் ஊறாமல், கிருமி வளராமல் காக்கிறது. சாப்பிடும்போதும் கதைக்கும்போதும் தாடை அசைய அசைய, தோல் மெதுவாக வெளிப்பக்கம் நகர்ந்து பழைய குறும்பியைத் தானே கொண்டு வந்து விடும். கொட்டன் பட்ஸ், ஹேர்பின், தீக்குச்சி எல்லாம் அதை எதிர்ப்பக்கம் தள்ளி எலும்புப் பகுதியில் இறுக்குகின்றன. துவாரத்தின் முழு நீளமே ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். ஒரு பட்ஸ் தாராளமாகச் செவிப்பறையைத் தொடும்.

சீழ் வந்த கதை, வலி, ஆபரேஷன் ஒன்றும் இல்லாத ஆளுக்கு நீங்கள் டிஸ்பென்சரியிலேயே மருந்தைத் தொடங்கலாம். சோடியம் பைகார்பனேட் காதுச் சொட்டு இருந்தால் அது, இல்லாவிட்டால் ஒலிவ் எண்ணெய். மூன்று முதல் ஐந்து நாள். மறு பக்கம் சாய்ந்து படுத்து, சொட்டு விட்டு, ஐந்து நிமிஷம் அப்படியே கிடக்க வேண்டும். விட்டவுடனே எழுந்து கொழுந்து பறிக்கப் போனால் எண்ணெய் சட்டையில்தான் இருக்கும். முதல் ஒன்றிரண்டு நாள் அடைப்புக் கூடினது போல இருக்கும், குறும்பி ஊதுவதால். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பயந்து பின்னை எடுத்துவிடுவார்கள். சிலருக்கு இதிலேயே வெளியே வந்துவிடும். மிச்சப் பேரைக் கிளினிக் நாள் பார்த்து, மருந்து விட்டு முடித்த நிலையில் அனுப்புங்கள். இரண்டு தடவை போகாமல் ஒரே தடவையில் முடியும்.

சிரிஞ்ச் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வைத்திய வழிகாட்டிகளை வெளியிடும் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, வளர்ந்தவர்களுக்குக் கையால் சிரிஞ்ச் அடிப்பதே வேண்டாம், அழுத்தம் கட்டுப்படும் மின்கருவி பாவியுங்கள் என்கிறது. எங்கள் பக்கம் எத்தனை இடத்தில் அது இருக்கிறது? கருவி இல்லாத இடத்தில், இருபது மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சில், சேலைன் ஏற்றும் கெனுலாவின் மென்மையான பிளாஸ்டிக் குழாயை, ஊசியை எறிந்துவிட்டு, திருகி இறுக்கிப் பாவிக்கிறோம். பார்த்துப் பழகிய கை இருந்தால் மட்டும்.

பல்புக்கு எழுத்தில் கேட்டீர்களா? கேளுங்கள். கேட்டதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சித்_தாதி_பதுளை | திங்கள், இரவு 7.10

டொக்டர், சிஸ்டர், தண்ணீர் அடிக்கும் முறையை ஒரு தடவை நடந்தது போலச் சொல்ல முடியுமா? புத்தகத்தில் 'பின்மேற்சுவர் நோக்கி' என்று இருக்கிறது. பரீட்சையில் பாஸ் ஆகிவிட்டேன், ஆனால் கையில் வரவில்லை.

பழைய_வார்ட்_சிஸ்டர் | திங்கள், இரவு 8.25

வாங்க பிள்ளை, பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆளை நிமிர்ந்து உட்கார வையுங்கள், கதிரைக்குச் சாய்மானம் இருக்க வேண்டும். தோளில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேலே துவாய். ட்ரேயைக் காதுக்குக் கீழே கழுத்தோடு ஒட்டி அவரே பிடிக்கட்டும். நீங்கள் நிற்காதீர்கள், உட்காருங்கள். கண் காதின் மட்டத்தில் இருக்க வேண்டும். தலையில் லைட் இருந்தால் நல்லது.

வளர்ந்த ஆளுக்குக் காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுங்கள். துவாரம் வளைந்து கிடக்கிறது, இழுத்தால்தான் நேராகும். மூன்று வயசுக்குக் கீழே என்றால் காதைப் பார்க்கும்போது கீழேயும் பின்னாலேயும் இழுக்க வேண்டும். ஆனால் அந்த வயசுக்குத் தண்ணீர் அடிக்கப் போகாதீர்கள்.

வாசலை ஒரு மணிக்கூட்டு முகமாக நினையுங்கள். வலது காதுக்குப் பதினொரு மணி, இடது காதுக்கு ஒரு மணி. அந்தத் திசையில் மேல் சுவரோடு ஒட்டி அடியுங்கள். நேரே நடுவில் அடித்தால் குறும்பி இன்னும் உள்ளே போகும், இடைவெளி இருந்தால் தண்ணீர் செவிப்பறையில் மோதும். சுவரோடு ஓடும் தண்ணீர் குறும்பிக்குப் பின்னால் போய்த் திரும்பி வரும்போது அதைத் தள்ளிக்கொண்டு வரும். லயத்துக் கானை மண்வெட்டியால் இல்லாமல் தண்ணியாலேயே கழுவிப் பாருங்கள், ஒரு ஓரமாக விட்டால்தான் சகதி கிளம்பும்.

நுனி வாசலுக்கு உள்ளே ஒரு சென்டிமீட்டருக்கு மேலே போகக் கூடாது. துவாரத்தை முழுக்க அடைக்கவும் கூடாது, வந்த தண்ணீர் வெளியே போக வழி வேண்டும். மெதுவாகத் தொடங்குங்கள். பெருவிரல் அழுத்தும்போது மனசில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள்.

இடையில் இருமல் வரலாம். பயப்பட வேண்டாம், வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுத் துவாரத்துக்கு வருகிறது. நிறுத்தி, விட்டுத் தொடங்குங்கள். ஆனால் அதே நரம்பால் சில பேருக்கு மயக்கமும் வரும், அதனால்தான் சாய்மானக் கதிரை. வலி, தலைசுற்று, இரத்தம், இந்த மூன்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்பதில்தான் செவிப்பறை கிழிகிறது. ஒரு காதுக்கு மொத்தம் அரை லீட்டருக்கு மேலே போக வேண்டாம், அதாவது இருபத்தைந்து சிரிஞ்ச். நாலைந்துக்கு ஒரு தடவை ஓட்டோஸ்கோப்பால் பாருங்கள்.

வரவில்லையா, காதில் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் இருக்க வைத்துத் திரும்ப ஒரு தடவை செய்யுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் ஈஎன்டிக்கு. விட்டுக்கொடுப்பதில் வெட்கமில்லை.

முடிந்ததும் காதைப் பஞ்சு சுற்றிய குச்சியால் கண் பார்க்கும் தூரம் மட்டும் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு விட்டால் காதுச் சொறியும் வலியும் வரும். செவிப்பறை தெரிகிறதா என்று பார்த்து, பார்த்ததைச் சீட்டில் எழுதுங்கள். தண்ணீரின் சூட்டையும் எழுதுங்கள். நுனிக் குழாய் ஒரு ஆளுக்கு ஒன்றுதான், பிறகு எறிய வேண்டும்.

லயத்து_மருமகள் | செவ்வாய், பகல் 2.05

அக்காமார், டொக்டர், நான் தாதி இல்லை. வீட்டில் மாமியைப் பார்த்துக்கொள்கிறேன். எழுபத்தெட்டு வயசு. ஒரு கிழமையாக இடது காது கேட்கவில்லை என்கிறா. பக்கத்து லயத்துத் தம்பி போனில் வீடியோ பார்த்து ஃபார்மசியில் சிரிஞ்ச் வாங்கி வந்து தந்திருக்கு, 'அண்ணி, லேசான வேலை' என்று. பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயும் வைத்திருக்கிறோம். எதை முதலில் செய்வது?

ஈஎன்டி_கிளினிக் | செவ்வாய், பகல் 2.30

அக்கா, இரண்டையும் இப்போதைக்கு எடுத்து வையுங்கள். மாமிக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா? இடது காதில் முந்தி எப்போதாவது சீழ் வடிந்ததா? அவவிடமே கேட்டுச் சொல்லுங்கள்.

லயத்து_மருமகள் | செவ்வாய், மாலை 4.50

சீனி இருக்கு டொக்டர், மாத்திரை எடுக்கிறா. சீழ் பற்றிக் கேட்டேன். கொழுந்துக்குப் போகத் தொடங்கின வயசில், மழைக்காலம் வந்தாலே அந்தக் காதில் வடியுமாம். அவட அம்மா வேப்பிலைப் புகை பிடித்து விடுவாவாம். இத்தனை வருஷம் என்னிடம் சொன்னதே இல்லை.

ஈஎன்டி_கிளினிக் | செவ்வாய், மாலை 5.05

சொன்னது பெரிய உதவி. தண்ணீர் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், சொட்டு மருந்து ஒன்றும் விட வேண்டாம். செவிப்பறையில் பழைய ஓட்டை இருக்கக்கூடும். பூண்டு எண்ணெய் எந்தக் காதுக்குமே வேண்டாம், சூடு தெரியாமல் விட்டுத் தோல் வெந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிக்கோயா ஆதார வைத்தியசாலையோ நுவரெலியாவோ எது கிட்டவோ, இந்தக் கிழமைக்குள் கூட்டிப்போங்கள். தலைக்குக் குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காது வாசலில் வையுங்கள்.

டிஸ்பென்சரி_தம்பி | செவ்வாய், இரவு 8.15

இந்த அம்மா என்னிடம் வந்திருந்தால் நான் சிரிஞ்சை எடுத்திருப்பேன். சீழ் பற்றிக் கேட்டிருக்க மாட்டேன். உண்மையைச் சொல்கிறேன். பல்புக்கு இன்றைக்குக் கடிதம் எழுதிவிட்டேன் டொக்டர்.

இன்னொன்று கேட்க வேண்டும். எங்கள் பக்கம் பிள்ளைகளின் காதில் சாமான் போவது அதிகம். தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்க்கும் பிள்ளைக் காம்பராவிலிருந்து போன மாசம் மட்டும் இரண்டு, ஒன்று பயறு, மற்றது பாசிமணி. பெரியவர்களுக்கு உண்ணி, சில நேரம் அட்டை. தண்ணீர் அடித்து எடுக்கலாமா?

ஈஎன்டி_கிளினிக் | செவ்வாய், இரவு 9.00

பயறு, கடலை, சோளம் எதற்கும் தண்ணீர் படக் கூடாது. ஊறிப் பருத்து இறுகிவிடும், பிறகு மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டி வரும். பாசிமணி வழுக்கும், இடுக்கியால் பிடிக்கப் போனால் உள்ளே ஓடும். அனுப்புங்கள்.

உயிரோடு இருக்கும் பூச்சி என்றால், செவிப்பறையில் பிரச்சினை இல்லாத ஆளுக்கு, ஆறின தேங்காய் எண்ணெய் சில துளி விட்டால் செத்துவிடும், துடிப்பு அடங்கும். எடுப்பதை எங்களிடம் விடுங்கள். உண்ணியைப் பிடித்து இழுக்க வேண்டாம், வாய்ப்பகுதி தோலிலேயே நின்றுவிடும். அட்டை பற்றி ஒரு வேண்டுகோள். காலில் ஏறிய அட்டைக்குச் சுண்ணாம்பும் புகையிலையும் வைக்கிற கை, காதுக்கும் அதையே வைக்கும். சுண்ணாம்பு காதுத் தோலை அரித்துவிடும். நாங்கள் மரத்துப்போகும் மருந்து விட்டு, அது பிடியை விட்ட பிறகு எடுப்போம்.

எல்லாவற்றையும் விட அவசரம், பொத்தான் பற்றரி. திருவிழாக் கடை விளையாட்டுச் சாமானில் எல்லாம் அது இருக்கிறது. காதில் போனால் மணித்தியாலக் கணக்கில் தோலையும் செவிப்பறையையும் எரித்துவிடும், ஈரம் பட்டால் இன்னும் வேகமாக. தண்ணீர், எண்ணெய், சொட்டு ஒன்றும் விடாமல் அந்த நேரமே வாகனம் பிடிக்க வேண்டும். வாகனம் இல்லாவிட்டால் 1990 ஆம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

ஸ்டோர்_ரோலர் | புதன், இரவு 10.30

நான் வைத்தியம் படித்தவன் இல்லை. பண்டாரவளைப் பக்கம் ஸ்டோரில் இருபத்திரண்டு வருஷம் ரோலர் மெஷினில் நிற்கிறேன். மேலே தாதித் தங்கச்சி எழுதின மாமா ஸ்டோர் வேலைக்காரர் என்றதால் எழுதுகிறேன்.

எனக்குக் காதில் 'ஙீ' என்று சத்தம், ஆள் கதைத்தால் பாதி விளங்காது. மூன்று தடவை காது கழுவினார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறும்பி வரும், 'இனிச் சரி' என்று அனுப்புவார்கள். சரியாகவில்லை. நாலாவது தடவை வேறு ஒரு டொக்டர், ஹெட்போன் போட்டுச் சத்தம் கேட்க வைக்கும் டெஸ்டுக்கு அனுப்பினார். கோடு ஓரிடத்தில் குழியாக இறங்கியிருந்தது. மெஷின் சத்தத்தால் நரம்பு போய்விட்டது, திரும்பி வராது என்றார்கள். அந்த மூன்று தடவை கழுவின காலத்துக்குள்ளேயே எனக்குச் சொல்லியிருந்தால் காதுக்கு ஏதாவது மாட்டியிருப்பேன். மாமாவுக்குக் குறும்பி எடுத்த பிறகும் கேட்கிறதா என்று கேளுங்கள் தங்கச்சி.

ஈஎன்டி_கிளினிக் | வியாழன், காலை 6.10

அண்ணன் சொன்ன குழி பெரும்பாலும் 4,000 ஹேர்ட்ஸ் அளவில் விழும், சத்தத்தால் கெட்ட காதின் அடையாளம் அது. அண்ணன், இப்போதும் பிந்தவில்லை. போனது வராது, இருப்பதைக் காக்கலாம். இன்றைக்கே காதுக் கவசம் கேளுங்கள். பஞ்சு அடைப்பது போதாது.

லயத்து_மருமகள் | அடுத்த செவ்வாய், மாலை 6.40

மாமியைக் கூட்டிப்போனேன். குழாயால் உறிஞ்சி எடுத்தார்கள், பத்து நிமிஷம்தான். பின்னால் செவிப்பறையில் ஓட்டை, ஒரு ஓரம் முழுக்க இல்லையாம். எனக்கும் அந்தக் கருவிக்குள்ளால் பார்க்கத் தந்தார் டொக்டர். கறுப்பாக ஒரு இடம். அதற்குள் நான் தண்ணி அடிக்க இருந்தேன்.

சிரிஞ்சைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கோழிக்குஞ்சுக்கு மருந்து கொடுக்க வைத்திருக்கு.

மலையகத்_தாதி | அடுத்த வியாழன், இரவு 9.15

இன்றைக்கு மாமா வந்தார். போன ஞாயிறே ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன், பைகார்பனேட் சொட்டு மூன்று நாள் விட்டிருந்தார். வருவாரா என்று பயம் இருந்தது. வந்தார்.

ஈஎன்டி டொக்டர் சொன்னபடி எல்லாக் கேள்வியும் கேட்டேன். 'ம்ம்ம்' சொல்லச் சொன்னேன், வலது காதில்தான் கூடக் கேட்டது. தண்ணீர்ப் பாத்திரம் பெரிய பாத்திரத்துக்குள். தெர்மோமீட்டரில் 37.2. என் மணிக்கட்டுக்கு அது சுடுதண்ணி மாதிரி இருந்தது, அவ்வளவு விறைத்திருக்கிறது என் கை. போனை மேசைக்குள் போட்டுவிட்டேன். முதல் அடி ட்ரேயில். பிறகு பதினொரு மணித் திசையில், மெதுவாக.

ஆறாவது சிரிஞ்சில் வந்தது. புளியங்கொட்டை அளவு, கறுப்பு, ஒரு பக்கம் பட்ஸ் பஞ்சு நூல் ஒட்டியிருந்தது. மாமா தலையைச் சாய்த்தபடியே ட்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றவில்லை. செவிப்பறை முத்து வெள்ளையாக, முழுசாகத் தெரிந்தது. எழுதிவிட்டேன்.

பிறகு ஸ்டோர் அண்ணன் சொன்னதை நினைத்து, மாமாவுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, மெதுவான குரலில் 'தேத்தண்ணி குடிச்சீங்களா மாமா' என்று கேட்டேன். திரும்பவில்லை. இரண்டாவது தடவையும் திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்ன பிறகுதான் 'என்ன மகள்?' என்றார்.

டொக்டரிடம் சொன்னேன். கேட்டல் பரிசோதனைக்குக் கடிதம் எழுதித் தந்தார், அடுத்த மாசம் முதல் செவ்வாய். அன்றைக்குப் பேர் போகாமல் இருக்கத் தோட்டத்துக்கு ஒரு துண்டு கேட்டார் மாமா, அதையும் டொக்டரிடம் வாங்கிக் கொடுத்தேன். இடது காதிலும் குறும்பி இருக்கிறது, அதற்குச் சொட்டு இன்றிரவு தொடங்குகிறார்.